அகூஸ்டிக் கிட்டாருக்குப் பிக்கப்: பொருத்துவதும் பழுது பார்ப்பதும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

மெல்லிசைக் குழு, சர்ச் பாடகர் குழு, கல்லூரி மேடை என எங்கே போனாலும் கிட்டார்க்காரர்கள் கேட்பது ஏறக்குறைய இதே கேள்விகளைத்தான். கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே இருக்கின்றன. பிக்கப் என்பது கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் கருவி. ஆறு உலோகக் கம்பி போட்ட சாதாரண ட்ரெட்நாட் (பெரிய உடல்) கிட்டாரையும், சாடிலுக்கு (பிரிட்ஜின் மேல் கம்பிகளைத் தாங்கும் சின்னத் துண்டு) அடியில் வைக்கும் பீசோ (அழுத்தத்தை மின்சாரமாக மாற்றும்) பிக்கப்பையும் மனத்தில் வைத்தே பதில்கள் எழுதப்பட்டுள்ளன. வேறு வகை வரும் இடத்தில் தனியாகச் சொல்லியிருக்கிறது.

1. பிக்கப்னு கேட்டா கடையில நாலு விதம் எடுத்து வைக்கிறாங்க. எது வாங்குறது?

சாடிலுக்கு அடியில் படுக்கும் பீசோ பட்டைதான் அதிகம் விற்கிறது. கம்பி அழுத்தும் இடத்திலேயே உட்கார்ந்திருப்பதால் சத்தம் தெளிவாக வரும், மேடையில் எளிதில் கூவாது (ஸ்பீக்கர் சத்தம் திரும்பப் பிக்கப்பில் ஏறி 'ஊ' என்று ஒலிக்காது). ஆனால் ஓங்கி அடித்தால் கொஞ்சம் பிளாஸ்டிக் தட்டுவது போல ஒலிக்கும். இரண்டாவது வகை, பிரிட்ஜுக்கு நேர் கீழே உள்பக்கம் ஒட்டும் வட்டத் தகடுகள். இதில் மரத்தின் குரலும் சேர்ந்து வரும். கூவும் அபாயம் கூடுதல். மூன்றாவது, சவுண்ட் ஹோலில் மாட்டும் காந்தப் பிக்கப். துளையே போட வேண்டாம், ஆனால் எலக்ட்ரிக் கிட்டார் சாயல் வரும். நான்காவது உள்ளே வைக்கும் மைக். தனியாக அதை மட்டும் நம்பி மேடை ஏற வேண்டாம்.

டிரம்ஸ், கீபோர்டோடு சேர்ந்து வாசிப்பவருக்குச் சாடில் அடி பீசோ. தனியாக விரலில் மீட்டுபவருக்கு ஒட்டும் தகடு. கிட்டார் இரவல் என்றால் காந்தப் பிக்கப்.

2. பக்கத்துல சதுரமா வெட்டி ஈக்யூ பெட்டி வெச்சாத்தான் நல்லா இருக்குமா?

வேண்டியதில்லை. கிட்டாரின் பக்கப் பலகை சுமார் 2 மி.மீ. கனம்தான். அதில் தீப்பெட்டியைவிடப் பெரிய ஓட்டை போட்டால் பிறகு அடைக்க வழியில்லை. அந்தப் பெட்டி கெட்டுப்போனால் அதே அளவில் இன்னொன்று தேடி அலைய வேண்டும். ஈக்யூவை (பேஸ், ட்ரெபிள் கூட்டிக் குறைப்பது) மிக்ஸரிலேயே செய்துகொள்ளலாம். சவுண்ட் ஹோல் விளிம்பில் உள்பக்கம் ஒட்டும் சின்ன வால்யூம் சக்கரமும் எண்ட்பின் ஜாக்கும் (அடிப்பக்கம் ஸ்ட்ராப் மாட்டும் குமிழின் இடத்தில் வரும் கேபிள் ஜாக்) போதும். ஏற்கெனவே பெட்டி வெட்டிய கிட்டார் கையில் இருந்தால் மட்டும் அந்த அளவுக்குப் பொருந்துவதை வாங்குங்கள்.

3. நானே மாட்டிக்கலாமா, இல்ல ஆசாரிகிட்ட கொடுக்கணுமா?

இரண்டு இடத்தில் துளை போட வேண்டும்: சாடில் குழியின் ஓரத்தில் ஒன்று, அடிப்பக்க எண்ட்பின் இருக்கும் இடத்தில் ஒன்று. ட்ரில்லிங் மிஷினைப் பிடித்துப் பழகியவர் அரை நாளில் முடிக்கலாம். பழக்கமில்லாதவர் முதல் துளையை நல்ல கிட்டாரில் போட வேண்டாம்.

தேவைப்படுபவை: 2.5 அல்லது 3 மி.மீ. பிட், 12.7 மி.மீ. வரை போகும் படிப்படியான ஸ்டெப் பிட் அல்லது கையால் சுற்றும் ரீமர், மாஸ்கிங் டேப், 220 மற்றும் 320 நம்பர் உப்புத்தாள், தட்டையான கண்ணாடித் துண்டு, வெர்னியர், சின்ன முகக்கண்ணாடி, ஒன்றரை அடி நீளக் குச்சி, மல்டிமீட்டர். பிட்டின் அளவைப் பிக்கப்போடு வந்த தாளைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

வேலை தொடங்குமுன் 12வது ஃப்ரெட்டில் ஆறாவது கம்பிக்கும் முதல் கம்பிக்கும் உள்ள உயரத்தை அளந்து எழுதி வையுங்கள். ஆறாவது கேள்வியில் அது தேவைப்படும்.

4. எண்ட்பின் ஓட்டையைப் பெருசாக்கினா மரம் பிளந்துடாதா?

சாதாரண மர பிட்டைக் கொண்டு ஒரே அடியாகப் பெரிதாக்கினால் பிளக்கும். பிட்டின் அலகு பழைய ஓட்டையின் விளிம்பைக் கொத்தி இழுத்துவிடும். ஸ்டெப் பிட்டோ ரீமரோ என்றால் கொஞ்சம் கொஞ்சமாகச் செதுக்கிக்கொண்டே போகும். பெரும்பாலான எண்ட்பின் ஜாக்குகளுக்கு 12 முதல் 12.7 மி.மீ. ஓட்டை தேவை. ஜாக்கின் திருகுப் பகுதியை வெர்னியரால் அளந்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

ஓட்டையைச் சுற்றி இரண்டு அடுக்கு மாஸ்கிங் டேப் ஒட்டி, முதலில் மிஷினை எதிர்த்திசையில் சுற்ற விட்டு பாலிஷை மட்டும் சுரண்டுங்கள். வார்னிஷ் சில்லு தெறிக்காமல் இருக்க இதுதான் வழி. அதன் பிறகு நேர்த்திசை, குறைந்த வேகம், பிட் நேராக. உட்பக்க மரக்கட்டையில் கடைசி மில்லிமீட்டரைத் தாண்டும்போது கையை இலேசாக்குங்கள்.

5. பிக்கப் பட்டையை சாடிலுக்கு அடியில எப்படி வைக்கிறது? சும்மா போட்டா போதுமா?

சும்மா போட்டதால் வந்த பழுதுகள்தான் ஒன்பதாவது கேள்வி முழுக்க.

கம்பிகளைக் கழற்றி, சாடிலைத் துணி சுற்றிய பிளையரால் நேர் மேலாக இழுத்து எடுங்கள். குழியில் பழைய பசை, தூசி, மரச்சிராய் இருந்தால் சுரண்டி எடுத்து, அடி தட்டையாக இருக்கிறதா என்று ஒரு நேரான உலோகத் தகடை நிறுத்தி, பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். வெளிச்சம் கசியும் இடம் பள்ளம்.

துளை ஆறாவது கம்பிப் பக்க ஓரத்தில் வரும். செங்குத்தாகப் போடக் கூடாது. குழியில் படுத்து வரும் பட்டை அதே போக்கில் சரிந்து உள்ளே இறங்க வேண்டும். அதனால் மிஷினை முதல் கம்பிப் பக்கமாகச் சாய்த்துப் பிடித்தால், துளை கீழே போகப் போகக் கிட்டாரின் விளிம்புப் பக்கம் நகரும். செங்குத்துத் துளையில் பட்டை 90 டிகிரி மடங்கி, மடிப்பில் உள் கம்பி அறுந்துபோகும். துளை போடுமுன் சவுண்ட் ஹோல் வழியே முகக்கண்ணாடியோ போன் கேமராவோ வைத்து, அந்த இடத்துக்குக் கீழே தாங்கு கட்டை எதுவும் ஓடவில்லை என்று பாருங்கள். போட்டபின் துளையின் மேல் உதட்டை உப்புத்தாளால் மழுக்குங்கள்.

உள்ளிருந்து பட்டையை மேலே தள்ளி, குழி முழுக்கப் படுக்க வையுங்கள். சில பட்டைகளில் ஒரு முகம்தான் மேலே வர வேண்டும். அதையும் தாளில் பாருங்கள். அதன் மேல் சாடில். விரலால் அழுத்தினால் இறங்க வேண்டும், விரலால் இழுத்தால் வர வேண்டும். சுத்தியல் கேட்கும் சாடில் பட்டையை அழுத்தாது, குழியின் சுவரைத்தான் பிடித்துக்கொண்டு நிற்கும். ஆடுகிற சாடிலும் ஆகாது, கம்பி இழுப்பில் முன்னே சாய்ந்து பட்டையின் ஓரத்தை மட்டும் கடிக்கும்.

6. மாட்டினதும் கம்பி மேல ஏறிடுச்சு. வாசிக்கக் கை வலிக்குது.

பட்டையின் கனம் சாடிலை அவ்வளவு தூக்கும். சாடில் 1 மி.மீ. உயர்ந்தால் 12வது ஃப்ரெட்டில் 0.5 மி.மீ. உயரும், ஏனென்றால் 12வது ஃப்ரெட் கம்பியின் பாதி தூரம். ஆகவே பட்டையின் கனத்தை அளந்து, அதே அளவைச் சாடிலின் அடியில் தேய்த்துக் குறையுங்கள். மேல்பக்கம் தேய்த்தால் சுருதிக்காக வெட்டிய முனைகள் போய்விடும்.

கண்ணாடி மேல் 220 உப்புத்தாளை ஒட்டி, சாடிலின் அடியில் பென்சிலால் கோடுகள் போட்டு, ஒரு மரக்கட்டையின் செங்குத்து முகத்தோடு சேர்த்துப் பிடித்துத் தேய்க்க வேண்டும். கோடுகள் எல்லா இடத்திலும் ஒன்றாக அழிந்தால் அடி தட்டை. ஓரத்தில் மட்டும் கோடு மிஞ்சினால் கை சாய்கிறது. கடைசி இழுப்புகள் 320இல். தேவைக்கு 0.2 மி.மீ. முன்பாகவே நிறுத்தி, கம்பி மாட்டி அளந்து பாருங்கள். தேய்த்ததைத் திரும்ப ஒட்ட முடியாது.

7. ஜாக் உள்ள கிடக்கு. கை எட்டவே இல்ல. எப்படி வெளியே கொண்டு வர்றது?

குச்சியை வெளியிலிருந்து எண்ட்பின் ஓட்டை வழியாக விட்டு, சவுண்ட் ஹோலில் வெளியே எடுங்கள். ஜாக்கின் வாயில் குச்சி முனையைச் செருகி, குச்சியை மெல்லப் பின்னுக்கு இழுத்தால் ஜாக் தானாக ஓட்டைக்கு வந்துவிடும். உட்புற நட்டையும் வாஷரையும் முன்னதாகவே சரியான ஆழத்துக்குத் திருகி வைத்திருக்க வேண்டும். வெளியே நீட்டும் திருகு போதவில்லை என்றால் வெளி நட் பிடிக்காது.

வெளி நட்டை இறுக்கும்போது ஜாக் கூடவே சுற்றக் கூடாது. பல ஜாக்குகளில் குறுக்காக ஒரு சின்னத் துளை உண்டு. அதில் ஆணியையோ ஆலன் கீயையோ விட்டுப் பிடித்துக்கொண்டு இறுக்குங்கள். ஜாக் ஓரிரு சுற்று சுற்றினாலே உள்ளே ஒயர் முறுக்கிக்கொண்டு பற்றவைப்பில் அறும். "நேத்து வரை நல்லா இருந்துச்சு" என்று வரும் கிட்டார்களில் இந்த நட் தளர்ந்து, ஆள் வெளியிலிருந்தே இறுக்கிப் பார்த்த கதைதான் அதிகம்.

8. ஒயர் ரொம்ப நீளமா இருக்கு. வெட்டி ஒட்டிக்கலாமா?

பீசோ பட்டையிலிருந்து வரும் ஒயரை வெட்ட வேண்டாம். அது மெல்லிய கோஆக்ஸ் (உள் கம்பியைச் சுற்றி உலோக உறை உள்ள ஒயர்), உறையைச் சரியாகச் சேர்க்காவிட்டால் ஹம் (உர்ரென்ற இரைச்சல்) வரும். பட்டைக்கு அருகே சூடு பட்டால் பட்டையே போய்விடும். சுருட்டி, ஒட்டும் கிளிப்பில் பக்கப் பலகையோரம் பிடித்துவிடுங்கள். மேல் பலகையில் ஒட்டினால் கிட்டாரின் குரல் அமுங்கும், தளர்ந்த ஒயரோ மரத்தில் தட்டிக் கிறீச்சிடும். பேட்டரிப் பையைக் கழுத்துக் கட்டையில் வெல்க்ரோவால் ஒட்டுவது நல்லது.

9. அஞ்சு கம்பி நல்லா கேக்குது, ஒண்ணு மட்டும் ஊமையா இருக்கு. பிக்கப் போயிடுச்சா?

பெரும்பாலும் இல்லை. அந்தக் கம்பிக்கு நேர் கீழே சாடில் பட்டையைத் தொடவில்லை. பிக்கப்பை மாற்றுமுன் இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில் எல்லாக் கம்பியையும் தளர்த்தி, சாடிலை எடுத்துத் திரும்ப வைத்து, சுருதி சேர்த்து ஒரு இரவு விட்டு வையுங்கள். கம்பிகள் ஆறும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல் இழுக்கின்றன. அந்த அழுத்தத்தில் சாடில் படிய நேரம் கொடுத்தாலே பாதி கிட்டார்கள் சரியாகிவிடும். ஆகவில்லையா, சாடிலை முன்பின் திருப்பி வைத்து ஒரு தடவை சோதியுங்கள் (சோதனைக்கு மட்டும், சுருதி விலகும்). ஊமைக் கம்பி இடம் மாறினால் குற்றம் சாடிலில், ஆறாவது பதிலில் சொன்ன பென்சில் வேலையைச் செய்யுங்கள். அதே கம்பி ஊமையாகவே இருந்தால் குழியின் அடியில் பள்ளமோ துணுக்கோ இருக்கிறது.

பட்டையே கெட்டதா என்று அறிய, சாடிலை எடுத்துவிட்டு, ஆம்ப்பைக் குறைந்த சத்தத்தில் வைத்து, பென்சிலின் ரப்பர் முனையால் பட்டையின் நீளம் முழுக்க ஒரே பலத்தில் தட்டிக்கொண்டே போங்கள். எல்லா இடத்திலும் ஒரே 'டொக்' வந்தால் பட்டை நலம். ஓரிடத்தில் மட்டும் செத்துப்போனால்தான் புதியது வாங்க வேண்டும்.

ஓரக் கம்பிகளான முதலும் ஆறும் மட்டும் குறைந்து நடுக் கம்பிகள் ஓங்கினால், சாடிலின் அடி நடுவில் புடைத்திருக்கிறது. இதற்கும் அதே வைத்தியம். பட்டைக்கு அடியில் காகிதம் மடித்து வைப்பது ஒரு கச்சேரிக்கு ஓடும். அதற்கு மேல் நம்பாதீர்கள்.

10. புது பேட்டரி போட்டு பத்து நாள்கூட ஆகல, தீர்ந்துபோச்சு!

கேபிளைச் செருகியபடியே கிட்டாரைச் சாய்த்து வைத்திருப்பீர்கள். இதில் தனி சுவிட்ச் கிடையாது, ஜாக்தான் சுவிட்ச். ஸ்டீரியோ ஜாக்கின் நடு வளையத்தில் பேட்டரியின் மைனஸ் வந்து நிற்கும். சாதாரண மோனோ பின்னைச் செருகினால் அது வளையத்தையும் எர்த்தையும் இணைத்துவிடும், ப்ரீஆம்ப் (பிக்கப்பின் மெல்லிய சிக்னலைத் தூக்கிக் கொடுக்கும் சர்க்யூட்) உயிர் பெறும். கழற்றும் வரை பேட்டரி கரைந்துகொண்டே இருக்கும்.

நல்ல ஆல்கலைன் 9 வோல்ட் பேட்டரியில் சுமார் 500 மில்லிஆம்ப்-மணி இருக்கும். ப்ரீஆம்ப் 3 மில்லிஆம்ப் குடித்தால் 160 மணி நேரம் வர வேண்டும். மளிகைக் கடையில் கிடைக்கும் 6எஃப்22 கார்பன் வகையில் அவ்வளவு சரக்கு இல்லை. உறையில் 6எல்ஆர்61 என்று இருக்கிறதா பாருங்கள்.

கழற்றி வைத்தும் தீர்கிறதென்றால், பேட்டரித் தொப்பியைப் பாதி திருப்பி ஒரு முனையை மட்டும் மாட்டி, விட்டுப்போன இரு முனைகளுக்கு நடுவே மல்டிமீட்டரை மில்லிஆம்ப்பில் வையுங்கள். கேபிள் இல்லாதபோது பூஜ்யம் காட்ட வேண்டும், செருகினால் சில மில்லிஆம்ப். செருகாமலே ஓட்டம் காட்டினால் ஜாக்கின் வளையத் தகடு எர்த்தைத் தொடுகிறது.

11. சத்தமே வரல. எங்கிருந்து தேடணும்?

கிட்டாரிலிருந்து தேடத் தொடங்காதீர்கள். அதே கேபிளில் வேறு கிட்டாரைச் செருகிப் பாருங்கள். அதிலும் வராவிட்டால் கேபிளோ மிக்ஸரோ. அடுத்து பேட்டரி: கேபிள் செருகிய நிலையில் அளக்க வேண்டும், 8 வோல்ட்டுக்குக் கீழே போனால் மாற்றுங்கள். கிட்டாரில் ஸ்டீரியோ கேபிளைச் செருகியிருந்தால், பத்தாவது பதிலில் சொன்ன சுவிட்ச் வேலை செய்யாது. இது அடிக்கடி நடக்கிறது, யாரும் சந்தேகப்படுவதில்லை. இதெல்லாம் சரியென்றால் பட்டையிலிருந்து ப்ரீஆம்ப்புக்கு வரும் குட்டிப் பின் கழன்றிருக்கிறதா பாருங்கள்.

12. 'உர்ர்ர்'னு ஹம் வருது. ஜாக்கைத் தொட்டா நின்னுடுது. ஏன்?

உங்கள் உடம்பு வீட்டு ஒயரிங்கின் 50 ஹெர்ட்ஸை வாங்கி பிக்கப்பிடம் கொடுக்கிறது. ஜாக்கின் உலோகத்தைத் தொட்டதும் உடம்பு எர்த்தோடு சேர்கிறது, சத்தம் அடங்குகிறது. இலேசான ஹம் என்றால் பட்டையின் உறை ஒயர் ஜாக்கின் எர்த்தோடு நன்றாகச் சேர்ந்திருக்கிறதா பாருங்கள். தொட்டும் அடங்காத பெரிய ஹம் என்றால் அந்த உறை எங்கோ அறுந்திருக்கிறது.

கிட்டாரில் குறை இல்லாமலும் வரும். லேப்டாப்பில் பதிவு செய்யும்போது மட்டும் வந்தால், சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். நின்றால் குற்றவாளி இரண்டு பின் சார்ஜர். மூன்று பின் சார்ஜரை நல்ல எர்த் உள்ள பிளக்கில் போடுங்கள், அல்லது டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டிஐ பாக்ஸ் (கிட்டார் சிக்னலை மைக் இன்புட்டுக்கு ஏற்றதாக மாற்றும் பெட்டி) வைத்து அதன் கிரவுண்ட் லிஃப்டை (சிக்னலின் எர்த்தை மட்டும் பிரிக்கும் சுவிட்ச்) தட்டுங்கள்.

ஹம்மை நிறுத்த ஆம்ப் பிளக்கின் எர்த் பின்னை ஒடிப்பவர்கள் இருக்கிறார்கள். 230 வோல்ட்டில் இது உயிரோடு விளையாடுவது. ஆம்ப்பில் கசிவு இருந்தால், ஒரு கை கிட்டாரின் உலோகத்திலும் உதடு மைக்கிலும் இருக்கும் நேரத்தில் உடம்பு வழியே பாயும்.

13. பஸ்ஸர் தகடு வாங்கி உள்ள ஒட்டி நேரா மிக்ஸர்ல செருகினேன். தகர டப்பா மாதிரி இருக்கு. தகடு மட்டமா?

தகடைக் குறை சொல்வதற்கில்லை. பஸ்ஸர் தகடும் பீசோதான். பீசோ என்பது மின்சாரக் கணக்கில் ஒரு கெபாசிட்டர். அது எந்த இன்புட்டில் போய்ச் சேர்கிறதோ அந்த இன்புட்டின் ரெசிஸ்டன்ஸைப் பொறுத்து அடிச்சுருதிகள் வெட்டுப்படும். 1 நானோஃபாரட் பீசோ, 10 கிலோஓம் லைன் இன்புட் என்றால் ஏறக்குறைய 16,000 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாமே சரியத் தொடங்கும். 1 மெகாஓம் என்றால் 160 ஹெர்ட்ஸ், 10 மெகாஓம் என்றால் 16 ஹெர்ட்ஸ். கிட்டாரின் ஆறாவது கம்பி 82 ஹெர்ட்ஸ். கணக்கு அங்கேயே தெரிந்துவிடுகிறது. மிக்ஸரில் ஹை-இசட் என்று எழுதிய (ரெசிஸ்டன்ஸ் அதிகமுள்ள) இன்புட்டில் செருகுங்கள், அல்லது நடுவே ஒரு பீசோ ப்ரீஆம்ப் வையுங்கள்.

ஒட்டுவதற்கு ஜெல் வகை சூப்பர் குளூ. தண்ணீர் மாதிரி ஓடும் வகை தகடுக்கு அடியிலிருந்து வழிந்து ஓடிவிடும். முதலில் ப்ளூ டேக் போன்ற பிசினால் ஒட்டி, கேட்டுப் பார்த்து, இடம் பிடித்த பிறகு நிரந்தரமாக ஒட்டுங்கள். சாடில் கோட்டுக்கு நேர் கீழே, கம்பியின் உருண்டை முனைகள் இடிக்காத இடம் வேண்டும்.

14. நைலான் கம்பி கிட்டாருக்கு சவுண்ட் ஹோல் பிக்கப் வேலை செய்யுமா?

காந்தப் பிக்கப் வேலை செய்யாது, நைலானில் இரும்பு இல்லை. பீசோ எந்த வகையும் சரி. உலோகக் கம்பி கிட்டாரில் வெண்கலம் சுற்றிய கம்பிகளிலும் காந்தம் உள்ளே இருக்கும் இரும்பு நாரை மட்டுமே உணர்கிறது. அதனால்தான் சுற்றில்லாத இரண்டாவது கம்பி மட்டும் துள்ளிக் கேட்கும். பிக்கப்பில் அதற்குக் கீழுள்ள திருகை இறக்குங்கள்.

15. கேபிளை அசைச்சா கரகரன்னு வருது. கடற்கரைக் காத்து காரணமா?

சத்தம் விட்டுவிட்டு வெட்டிக்கொண்டு வந்தால் ஜாக் அல்லது கேபிளின் பற்றவைப்பு. கடலோர ஊர்களில் ஜாக்கின் தகடு பச்சை பூக்கும், வால்யூம் சக்கரமும் கரகரக்கும். கான்டாக்ட் கிளீனரை இரண்டு சொட்டு அடித்து, பின்னைப் பத்து முறை செருகி எடுங்கள். ப்ரீஆம்ப் இல்லாத பீசோவில் நல்ல கேபிளைக்கூடத் தரையில் தேய்த்தால் சரசரக்கும். கேபிளின் உள் உராய்வில் பிறக்கும் மின்னூட்டம் அது. அங்கே நீளக் கேபிளால் மொத்தச் சத்தமும் குறையும். 3 மீட்டருக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

16. மண்டபத்துல வால்யூம் ஏத்தினாலே 'ஊ'னு கூவுது. பிக்கப்பை மாத்தணுமா?

ட்ரெட்நாட் உடலுக்குள் இருக்கும் காற்றுக்கு 100 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு சொந்தச் சுருதி உண்டு. ஆறாவது கம்பியின் மூன்றாவது ஃப்ரெட் 98, ஐந்தாவது 110. இந்த இடத்தில் வாசிக்கும்போது உடல் பூரித்து அதிர்வதை வயிற்றிலேயே உணரலாம். மானிட்டர் அந்தச் சுருதியைத் திருப்பி அடிக்கும்போதுதான் கூவல். சவுண்ட் ஹோலை அளந்து (பெரும்பாலும் 100 மி.மீ. அளவில் இருக்கும்) ரப்பர் மூடி போடுங்கள். காந்தப் பிக்கப் மாட்டியவர்களுக்கு இந்த மூடி உட்காராது. ஈக்யூவில் அந்த 100 ஹெர்ட்ஸை மட்டும் குறுகலாக வெட்டுங்கள். பேஸ் திருகையே முழுக்க இறக்கினால் கிட்டார் ஒல்லியாகிவிடும். ஃபேஸ் பொத்தான் (சிக்னலைத் தலைகீழாக்குவது) இருந்தால் தட்டிப் பாருங்கள். மானிட்டருக்கு நேர் எதிரே கிட்டாரின் முகத்தைக் காட்டி நிற்காதீர்கள்.

கூவல் இல்லை, பிளாஸ்டிக் தட்டும் ஒலிதான் பிரச்சினை என்றால் 1,000 முதல் 3,000 ஹெர்ட்ஸ் வரை கொஞ்சம் இறக்குங்கள், கையின் அடியையும் இலேசாக்குங்கள்.

17. மேடையில டிஐ பாக்ஸ் இல்ல. ஜாக்-எக்ஸ்எல்ஆர் கேபிள் போட்டு நேரா மைக் இன்புட்ல கொடுக்கலாமா?

முதலில் அந்த சேனலின் 48 வோல்ட் ஃபேண்டம் பவர் (மைக்குக்காக மிக்ஸர் கேபிளிலேயே அனுப்பும் மின்சாரம்) அணைந்திருக்கிறதா என்று மிக்ஸர்காரரிடம் கேளுங்கள். சில மிக்ஸர்களில் ஒரே பொத்தானில் எல்லாச் சேனலுக்கும் போகும், பக்கத்து மைக்குக்காக அதைப் போட்டிருப்பார்கள். அந்த வோல்ட் உங்கள் ப்ரீஆம்ப்பின் அவுட்புட்டில் ஏறினால் அது பழுதாகலாம். ஃபேண்டம் இல்லை என்றால், ப்ரீஆம்ப் உள்ள கிட்டாரைக் கெயினை முழுக்க இறக்கிவிட்டுக் கொடுத்துப் பார்க்கலாம். மேடைக்கும் மிக்ஸருக்கும் 10 மீட்டருக்கு மேல் தூரம் என்றால் ஹம்மும் கூடவே வரும், அங்கே டிஐ பாக்ஸ்தான் வழி. ப்ரீஆம்ப் இல்லாத பீசோவை இப்படிக் கொடுத்தால் கேட்பது பதின்மூன்றாவது கேள்வியில் வரும் தகர டப்பாதான்.